ஸ்கேனரில் சுயபடம்: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

போன மாதம் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற அறையில், பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு ஸ்கேனரில் சுயபடம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். கை, காது, கன்னம், பாதம் என்று உடம்பைத் துண்டு துண்டாகக் கண்ணாடியில் வைத்து ஸ்கேன் செய்து, பிறகு அவற்றைச் சேர்த்து ஓர் உருவம் ஆக்க வேண்டும். தொடங்கிய காலத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்தார்கள். கண்ணாடியில் தூசி, மூடியைக் கழற்றாதது போன்றவை முதல் படத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெல்லிய ஸ்கேனரை வாங்குவது

யூஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மெல்லிய ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் சென்சார், அதாவது கண்ணாடிக்கு அடியில் ஒட்டினாற்போல் இருந்து படத்தைப் படிக்கும் உணரி. காகிதத்துக்கு அது போதும். உடம்புக்குப் போதாது. கண்ணாடியைத் தொடும் இடம் மட்டும் கூர்மையாக விழும், கொஞ்சம் விலகினாலே மங்கிவிடும். முகத்தை வைத்தால் மூக்கு நுனியும் நெற்றியும் கன்னத்தில் ஒரு வட்டமும் தெரியும், மற்றதெல்லாம் புகை. சிசிடி என்ற வேறு வகை சென்சார் உள்ள ஸ்கேனரில் உள்ளே லென்ஸ் இருப்பதால் கண்ணாடிக்கு மேலே இருப்பதும் ஓரளவு உருவத்தோடு நிற்கும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 அந்த வகைதான். பழசு வாங்குவதானால் தூக்கிப் பாருங்கள். தடிமனாக, கனமாக, தனி அடாப்டரோடு இருந்தால் பெரும்பாலும் சிசிடி. அந்தப் புகைதான் வேண்டும் என்றால் சிஐஎஸ் நல்லதுதான், தெரிந்து வாங்கினால் சரி.

நிறத்தை மென்பொருளிடம் விடுவது

இன்றும் நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும் தவறு இது.

சில வருடங்களுக்கு முன் வடை சுடும்போது கொதிக்கும் எண்ணெய் இடது முன்கையில் கொட்டிவிட்டது. ஆறுவதைப் பதிவுசெய்யலாம் என்று தோன்றியது. கண்ணாடியின் மேல் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்து, தினமும் இரவு பத்து மணிக்குக் கையை அதே இடத்தில் வைத்து ஸ்கேன் செய்தேன். மொத்தம் 46 இரவுகள். முதல் 17 இரவுகள் கட்டோடு, அப்புறம் கட்டில்லாமல். எல்லாவற்றையும் ஜேபெக் கோப்பாகச் சேமித்து, ஒரு நாள்கூடச் சரியாகத் திறந்து பார்க்கவில்லை.

கடைசியில் 46 படங்களையும் வரிசையாக அடுக்கியபோதுதான் தெரிந்தது. 17ஆவது படம்வரை அது என் கை, மாநிறத்துக்கும் சற்றுக் கறுப்பு. 18ஆவது படத்திலிருந்து வேறு யாருடைய கையோ. வெளுத்து, ஆரஞ்சு ஏறி, முழங்கைப் பக்கம் சாம்பல் பூத்தது போல இருந்தது.

நடந்தது இதுதான். ஸ்கேனர் மென்பொருள் காகிதத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தானியங்கி எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவைத் தானே முடிவுசெய்யும் வசதி) இயங்கும்போது, தேர்ந்தெடுத்த பகுதியில் எது மிக வெளிச்சமோ அதை வெள்ளைக்குப் பக்கத்தில் தள்ளும். கட்டு இருந்தவரை வெள்ளைத் துணிதான் அந்த வெள்ளை, அதனால் தோல் தன் நிறத்தில் நின்றது. கட்டு போனதும் சட்டகத்துக்குள் மிக வெளிச்சமானது என் தோலே. அதை இழுத்து வெளுக்க வைத்துவிட்டது. கறுப்புத் துணியைப் பின்னணியாக வைத்தபோது இன்னும் மோசம். இது போதாதென்று, தூசி நீக்கும் வசதி மணிக்கட்டில் இருந்த இரண்டு சின்ன மச்சங்களைத் தூசி என்று நினைத்து அழித்திருந்தது. வெளுத்துப்போன இடங்களில் தோலின் கோடுகள் இல்லை. ஜேபெக்கில் இல்லாததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அந்தக் காயம் ஆறிவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை.

அன்று அந்த அறையில் ஒரு தம்பி தன் உள்ளங்கைப் படத்தைத் திரையில் காட்டி, "அக்கா, நல்லா வெள்ளையா வந்திருக்கு, இல்ல?" என்றான். மகிழ்ச்சியோடுதான் கேட்டான். எனக்கு மனசு கனத்துப்போனது. "உன் கையைப் பக்கத்துல வச்சுப் பாரு தம்பி" என்றேன். பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சுயபடம் எடுக்க உட்கார்ந்தவனிடம் அவன் நிறத்தையே ஒரு இயந்திரம் மாற்றிக் கொடுக்கிறது, அதை அவன் அழகு என்று வாங்கிக்கொள்கிறான். இதை நான் பொறுத்துக்கொள்ளவே மாட்டேன்.

ஆகவே முதல் வேலை: தானியங்கி எக்ஸ்போஷர், நிறத் திருத்தம், அன்ஷார்ப் மாஸ்க் (ஓரங்களைக் கூர்மையாக்கிக் காட்டும் வசதி), தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணையுங்கள். நிற வேறுபாடுகளை நுணுக்கமாகப் பதியும் 48 பிட் நிறத்தில், ஜேபெக் போல விவரத்தை இழக்காத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஏ4 கண்ணாடி முழுவதையும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்தால் ஒரு கோப்பு 200 எம்பியைத் தாண்டும். தாண்டட்டும், ஹார்ட் டிஸ்க் மலிவு. கண்ணாடியின் ஒரு மூலையில் சின்ன சாம்பல் அட்டைத் துண்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் வையுங்கள். படங்களின் நிறம் விலகினால் அதை வைத்துச் சரிசெய்யலாம். முதல் நாளே படத்தைத் திறந்து, கையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஏர்கான் அறையில் முகத்தை வைப்பது

23 டிகிரியில் குளிர்ந்த கண்ணாடி மேல் மூச்சு பட்டால் பனி படரும், வாயும் மூக்கும் வெள்ளை மேகத்துக்குள் போய்விடும். அரை மணி நேரம் முன்பே ஏர்கானை அணைத்துவிடுங்கள். முகம் இருக்கும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து 300 டிபிஐயில் எடுத்தால், மூச்சை அடக்கும் நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வியர்வை இன்னொரு தொல்லை. நம்மூர்ப் புழுக்கத்தில் நெற்றியைத் துடைக்காமல் குனியாதீர்கள்.

கண்ணைத் திறந்து வைத்திருப்பது

மூடுங்கள். விளக்கு கூசும்.

விளக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியாமல் அசைவது

ஸ்கேனர் கோடு கோடாகப் பார்க்கிறது. விளக்கோடு சேர்ந்து அதே திசையில் விரலை நகர்த்தினால் விரல் நீளும், எதிர்த் திசையில் நகர்த்தினால் குறுகும், பக்கவாட்டில் ஆட்டினால் அலை அலையாக நெளியும். மூன்று நிற எல்இடி உள்ள சிஐஎஸ் ஸ்கேனர்களில் ஓரங்களில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் பிரியும். அமெரிக்காவில் சோனியா லாண்டி ஷெரிடன் என்ற கலைஞர் 1970இல் சிகாகோ கலைக் கல்லூரியில் 'ஜெனரேட்டிவ் சிஸ்டம்ஸ்' என்ற பாடத்திட்டத்தையே தொடங்கி, நகலெடுக்கும் இயந்திரங்களைக் கலைஞர்களின் கருவியாக்கினார். இயந்திரம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதுவே உங்கள் தூரிகை. முதலில் அசையாமல் ஒன்று எடுங்கள். அப்புறம் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே, வேகத்தை மாற்றி மாற்றிப் பழகுங்கள்.

உடம்பின் பாரத்தைக் கண்ணாடியில் போடுவது

கூடாது. இரண்டு பக்கமும் தடித்த புத்தகங்களை அடுக்கி, முழங்கையை அவற்றில் ஊன்றுங்கள்.

கண்ணாடி மேல் நேராகத் திரவம் அடிப்பது

ஓரம் வழியாக உள்ளே இறங்கி, கண்ணாடியின் அடியில் கறையாகக் காயும். துணியில் நனைத்துத் துடையுங்கள்.

விரல்ரேகையோடு வெளியிடுவது

600 டிபிஐயில் எடுத்த உள்ளங்கையில் ரேகைகள் துல்லியமாக விழும். நம் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இருப்பதும் கட்டைவிரல் ரேகைதான். முழு அளவுப் படம் என் ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருக்கும். வெளியே போவது அகலம் 1000 பிக்சலுக்குச் சுருக்கி, விரல் நுனிகளை லேசாக மங்கவைத்த பிரதி.