பால்வடிப்புக்குப் போகிறவர் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வடிப்புக்குப் போகிறவர்களில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களும் இருக்கிறார்கள். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டம் ஏறிவிடுவார்கள். வயிற்றில் ஒரு கட்டன் சாயாதான். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு இது ஆபத்து. வெறும் வயிற்றோடு மரம் மரமாக நடக்கும்போது ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். கையில் இருப்பதோ கூரான கத்தி!

மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். நடுக்கம் தொடங்கியதுமே கத்தியைக் கீழே வைத்து உட்கார்ந்து, அதைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். பிஸ்கட் வேண்டாம், அது மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். தெளிந்ததும் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் நோயைச் சொல்கிறோம், வேலை நேரத்தைச் சொல்வதில்லை. "நாலு மணிக்கே வேலைக்குப் போகிறேன், ஒன்பதுக்குத்தான் சாப்பாடு" என்று சொன்னால், மாத்திரை நேரத்தை அவர் மாற்றித் தரக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமும் இதைக் கேட்கலாம்.

மழைக்காலத்தில் அட்டை கடித்தாலும், சர்க்கரை நோயால் உணர்வு மரத்துப்போன காலுக்குத் தெரியாது. வீடு திரும்பியதும் விரலிடுக்கு வரை பார்த்துவிடுங்கள்.