மவுத் ஆர்கன் பெட்டி: ஒரே கம்பெனியா, நாலு கம்பெனியா?

'சி' சுருதியில் ஒரு ஹார்மோனிகா, அதாவது மவுத் ஆர்கன், வாங்கி, நாலைந்து மாதம் வாசித்து, பக்கத்துத் துளை சேராமல் ஒற்றைச் சுரம் ஊதப் பழகியாயிற்று. நண்பர் கிடாரை எடுத்து 'ஏ'-யில் ஒரு ப்ளூஸ் ஆரம்பிக்கிறார். உங்கள் 'சி' அதோடு சேர மாட்டேன் என்கிறது. சரி, இரண்டாவது ஹார்மோனிகா வாங்கும் நேரம் வந்துவிட்டது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். இருக்கிற கம்பெனியிலேயே வாங்குவதா, வேறு ஒன்றையும் பார்த்துவிடுவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நான்கும் ஒரே கம்பெனி, அதிலும் ஒரே மாடல். அதற்கு அப்புறம் வேறு கம்பெனிக்குப் போகலாம், ஒரு காரணம் இருந்தால்.

நான் செய்தது நேர் எதிர். மூன்று சுருதிக்கு மூன்று கம்பெனி வாங்கினேன். வீட்டில் தனியாக வாசித்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பேர் முன்னால் ஒரு பாட்டை முடித்துவிட்டு, அடுத்ததற்கு வேறு ஹார்மோனிகாவை எடுத்து, அதே வேகத்தில் மூன்றாம் துளையை இழுத்தேன். சுரம் வரவில்லை, 'புஸ்' என்று காற்று மட்டும் வந்தது. உள்ளே அதிர்ந்து சுரம் எழுப்பும் மெல்லிய நாக்கை ரீடு என்பார்கள். அது உடையவில்லை, எதுவும் கெடவும் இல்லை. ஏன் அப்படி ஆனது என்பது மூன்றாவது படியில் வரும்.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் மவுத் ஆர்கன் என்றதும் பலர் நினைப்பது இரண்டு வரிசைத் துளை வைத்த, 24 துளை ட்ரெமலோ. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு. ஒன்றைச் சற்றே விலக்கிச் சுருதி வைத்திருப்பதால் ஒலி அலை அலையாக வரும். கேட்க இனிமைதான், ஆனால் ப்ளூஸுக்கு வேண்டிய பெண்டிங், அதாவது மூச்சாலேயே சுரத்தை வளைத்துத் தாழ்த்துவது, அதில் வராது. பக்கத்தில் பொத்தான் வைத்த க்ரோமாட்டிக்கில் 12 சுரமும் உண்டு, ஒன்றே போதும். பெட்டி நிறைய வாங்கும் கேள்வியே அங்கே பெரிதாக எழுவதில்லை. இங்கே நான் பேசுவது பத்துத் துளை, இருபது ரீடு கொண்ட டயட்டோனிக் பற்றி. கையடக்கமான இந்தச் சாமானைத்தான் சுருதிக்கு ஒன்றாக வாங்க வேண்டியிருக்கிறது.

படி 2: எந்தச் சுருதிகள் வேண்டும்?

'ஏ' பாட்டுக்கு 'ஏ' ஹார்மோனிகா என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ப்ளூஸ், ராக் வாசிப்பவர்கள் பெரும்பாலும் கிராஸ் ஹார்ப் முறையில், அதாவது இரண்டாம் துளையை இழுக்கும்போது வரும் சுரத்தை ஸட்ஜமாக வைத்து வாசிப்பார்கள். 'சி' ஹார்மோனிகாவில் அந்தச் சுரம் 'ஜி'. ஆகவே 'ஜி' பாட்டுக்கு 'சி' ஹார்மோனிகா.

சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பாட்டின் ஸட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதுதான் வாங்க வேண்டிய ஹார்மோனிகாவின் சுருதி. பாட்டு ஐந்து கட்டை என்றால் ஒரு கட்டை ஹார்மோனிகா. ஆறு கட்டைக்கு இரண்டு கட்டை. மூன்றுக்கு ஆறு, இரண்டுக்கு ஐந்து. இப்படி வாசிக்கும்போது கையில் கிடைப்பது ஹரிகாம்போதியின் சுரங்கள். அதே கருவியில் முதல் துளையை ஊதி ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம். நாலாம் துளையை இழுத்து அதை ஸட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா. ஒரு 'சி'-யிலேயே இத்தனை இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

கிடார்காரர்கள் திறந்த கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது கார்டு) எளிதாக வரும் ஈ, ஏ, டி, ஜி-யில்தான் அதிகம் வாசிப்பார்கள். கணக்குப் போட்டால் உங்களுக்கு வேண்டியவை ஏ, டி, ஜி, சி. முதலில் சொன்ன, 'ஏ'-யில் வாசித்த கிடார் நண்பருக்குத் தேவைப்பட்டது 'டி'. 'சி' கையில் இருப்பதால் அடுத்து 'ஏ', அதற்கு அடுத்து 'டி' என்று வாங்குங்கள். 'ஜி' மிகவும் கனத்த ஒலி. அதன் முதல் மூன்று துளைகளை இழுக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பாடகரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பட்டியலையே தூக்கிப் போட்டுவிட்டு, அவர் எத்தனை கட்டையில் பாடுகிறார் என்று கேளுங்கள்.

படி 3: கம்பெனிக்கு முன்னால் மாடலைப் பாருங்கள்

ஒரு கம்பெனியின் இரண்டு மாடலுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், சில நேரம் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருப்பதைவிட அதிகம். ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் 1857-இல் தொடங்கிய ஹோனர் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். 1896-இல் வந்த அவர்களுடைய மரைன் பேண்ட் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் நடுப்பகுதி, சீப்பு மாதிரி பல் பல்லாக இருப்பதால் காம்ப் என்பார்கள், பேரிக்காய் மரத்தால் ஆனது. ஆணி அடித்து மூடியிருக்கும். எச்சில் ஈரத்தில் மரம் ஊறிப் பல் நீட்டிக்கொண்டால் உதடு உரசும். அதே கம்பெனியின் ஸ்பெஷல் 20-இல் காம்ப் பிளாஸ்டிக், ரீடு தகடுகள் அதற்குள் பதிந்திருக்கும், திருகைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். மரைன் பேண்டின் ஒலிக்கு மயங்குபவர்கள் மன்னிக்கவும்.

மற்றவற்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் கிளிங்கன்தாலில் 1847 முதல் இயங்கும் செய்டெல், துருப்பிடிக்காத எஃகு ரீடுகளுக்குப் பேர் பெற்றது. வலுவாக ஊதுபவர்களுக்குப் பித்தளையைவிட அதிக நாள் தாங்கும், விலையும் கூடுதல். ஜப்பானின் சுசுகியில் பாஸ்பர் வெண்கல ரீடுகள், ஆணி வைக்காமல் வெல்டிங்கில் ஒட்டியவை. லீ ஆஸ்கர் என்பது டென்மார்க்கில் பிறந்த ஒரு வாசிப்பாளரின் பெயர். அவர் பெயரில் 1983 முதல் ஜப்பானின் டோம்போ தயாரிக்கிறது, ரீடு தகட்டைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். சீனாவின் ஈஸ்ட்டாப் விலை குறைவு, வாசிக்கவும் நன்றாகவே இருக்கிறது.

இப்போது அந்த 'புஸ்' விஷயத்துக்கு வருகிறேன். ரீடின் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. இடைவெளி குறைவாக இருந்தால் மெல்லிய மூச்சுக்கே சுரம் பேசும், ஆனால் வேகமாக இழுத்தால் ரீடு அடைத்துக்கொள்ளும். அதிகமாக இருந்தால் எவ்வளவு வேகத்தையும் தாங்கும், மூச்சுதான் வீணாகும். இந்த இடைவெளியை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வைக்கிறது. துளைகளின் தூரம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மேல்தகட்டின் உயரமும் ஓரத்தின் வளைவும்தான் மாறும். பழகிய வாசிப்பாளர் இரண்டு மூச்சில் சமாளித்துக்கொள்வார். பெண்டிங் இன்னும் கைவராத ஒருவருக்கு, தவறு தன்னுடையதா கருவியுடையதா என்றே தெரியாது. ஒரே மாடலாக வாங்கச் சொல்வதற்கு எனக்கு இருக்கும் முதல் காரணம் இதுதான்.

சுருதி சேர்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. தம்புராவில் தானாகப் பிறக்கும் காந்தாரத்தைக் கேட்டிருப்பீர்கள். அது கீபோர்டின் காந்தாரத்தைவிட 14 சென்ட் தாழ்ந்தது, அதாவது அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. ஹார்மோனிகாவில் அப்படித் தாழ்த்திச் சுருதி வைத்தால் மூன்று துளையைச் சேர்த்து ஊதும்போது கார்டு தேன் போல இருக்கும். லீ ஆஸ்கர் கீபோர்டு போலச் சமச் சுருதி வைப்பது. ஒற்றைச் சுரமாக மெட்டு வாசிக்க நல்லது, கார்டு கொஞ்சம் கரகரக்கும். ஸ்பெஷல் 20 இரண்டுக்கும் நடுவில். வேறு வேறு சுருதி முறையில் வாங்கினால் ஒன்றோடொன்று மோதுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே வாசிக்கப் போகிறீர்கள்? கூட வாசிக்கும் கீபோர்டோடு எப்படிச் சேர்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

படி 4: வந்தவுடன் சோதியுங்கள்

வாயில் வைத்த ஹார்மோனிகாவைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. கடைக்கு நேரில் போனால், ஊதிப் பார்க்கத் துருத்தி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தபாலில் வாங்கினால் மாற்றித் தரும் விதியை முதலிலேயே படித்துவிடுங்கள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, முதல் துளையிலிருந்து பத்தாவது வரை மிக மெதுவாக ஊதியும் இழுத்தும் பாருங்கள். இருபது சுரமும் பேச வேண்டும். இரண்டாம் துளையை இழுக்கும்போது முக்கல் முனகல் வந்தால் பதறாதீர்கள். மூன்றாம் துளையை ஊதுங்கள், உடனே இரண்டாம் துளையை இழுங்கள். இரண்டும் ஒரே சுரம்தான். இழுப்பது தாழ்ந்து கேட்டால், பத்தில் ஒன்பது முறை ரீடின் மேல் குற்றம் இருக்காது. நீங்கள் கன்னத்தை ஒடுக்கி உறிஞ்சுகிறீர்கள். தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து, வயிற்றிலிருந்து மூச்சை உள்ளே விடுங்கள். சுரம் மேலே ஏறிச் சரியாக உட்காரும். ஏற்கெனவே பழகிய அதே மாடலாக இருந்தால் இந்தச் சோதனை இரண்டு நிமிட வேலை, ஏனென்றால் ஒப்பிட வீட்டிலேயே ஒன்று இருக்கிறது.

படி 5: இரண்டாவது கம்பெனி எப்போது?

மூன்று சுருதி சேர்ந்து, மூன்றாம் துளையில் பெண்டிங் வந்த பிறகு ஒன்று செய்யுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சுருதியிலேயே வேறு கம்பெனியில் ஒன்று வாங்குங்கள். 'சி' இருக்கும்போது இன்னொரு 'சி' எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். சுருதி மாறினால் ரீடின் நீளமும் விறைப்பும் மாறிவிடும். 'ஏ'-யையும் 'சி'-யையும் வைத்துக் கம்பெனிகளை ஒப்பிட முடியாது. ஒரே மெட்டை இரண்டு 'சி'-யிலும் வாசித்து, போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். எதில் உதடு நோகவில்லை, எதில் மூச்சு மிஞ்சியது என்பதையும் எழுதி வையுங்கள். புதியது பிடித்திருந்தால் அடுத்தடுத்த சுருதிகளை அதில் வாங்கலாம். பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை, அதிகம் உழைக்கும் சுருதிக்கு மாற்று ஒன்று கையில் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்காமலே வேறு கம்பெனிக்குப் போகும்படி ஆவதும் உண்டு. கீரவாணி வாசிக்க ஆசை என்றால் லீ ஆஸ்கரின் ஹார்மோனிக் மைனர் வாங்குங்கள், நடபைரவிக்கு நேச்சுரல் மைனர். பிந்தையதில் ஒரு எச்சரிக்கை: அதன் மேல் எழுதியிருக்கும் சுருதி கிராஸ் ஹார்ப் முறைப்படி எழுதியது, மத்யமக் கணக்கை அதற்குப் போடக் கூடாது. போட்டுத் தவறாக வாங்கிய ஆளை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

படி 6: பெட்டியில் அடுக்குவது

கம்பெனி வரிசையில் அடுக்காதீர்கள், சுருதி வரிசையில் அடுக்குங்கள்: ஜி, ஏ, சி, டி. இடமிருந்து வலமாகக் கனத்ததிலிருந்து மெல்லியது வரை. ஒரே மாடல் என்றால் எல்லாம் அச்சாக ஒரே மாதிரி இருக்கும், மேடை வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. உறையின் முனையில் பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வாசித்து முடித்ததும் துளைப் பக்கத்தை உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றி, சற்று நேரம் காற்றாட விட்டு அப்புறம் மூடுங்கள்.

என்றாவது ஒரு நாள் நாலாம் துளையோ ஐந்தாம் துளையோ இழுக்கும்போது சுருதி இறங்கிக் கேட்கும். அதிகம் உழைக்கும் ரீடுகள் அவை. அப்போது அதே மாடல், அதே சுருதியில் புதியது வாங்குங்கள், அல்லது கிடைத்தால் ரீடு தகட்டை மட்டும். வாங்கும் முன் மாடல் பெயரை முழுதாகப் பாருங்கள். ஹோனரின் எம்எஸ் வரிசைத் தகடு ஸ்பெஷல் 20-இல் பொருந்தாது. பழையதைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் வையுங்கள். அதன் திருகும் மேல்தகடும் பெட்டியில் இருக்கும் அதன் தம்பிகளுக்கு உதவும்.