ஒளு தண்ணீரில் ஒரு நாவல் மரம்

கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு மதரஸா விடுதியில் ஓதிக்கொடுக்கிறேன். 2018 கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்த பிறகு நாவலும் புங்கையும்தான் வைக்கிறோம்.

புரட்டாசியிலேயே இரண்டடிக் குழி வெட்டி ஆறப்போடுங்கள். இங்கே களிமண், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். முதல் வருஷம் பாதிக் கன்று எனக்கு அப்படித்தான் போனது. மணலும் மக்கிய சாணமும் கலந்து, கன்று நிற்கும் இடத்தை மேடாக்குங்கள். அப்புறம் ஒளு தண்ணீரை, அதாவது தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவும் தண்ணீரை, வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் வீணாக்காதே என்பது நபிமொழி. குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசும் பையனுக்கு அதைத்தான் சொல்வேன்.

மரத்திலிருந்து பறவையோ ஆடோ தின்றாலும் நட்டவருக்கு அது சதகா, தர்மம் செய்த நன்மை. அதற்காகக் கன்றையே ஆட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சுற்றிலும் கருவேல முள் கட்டுங்கள்.