முதல் கிரெடிட் கார்டு: பில் கைமீறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்குபவரிடம் 90,000 ரூபாய் லிமிட் உள்ள கார்டு இருப்பது இன்று சாதாரணம். அது நம் பணம் இல்லை என்று நமக்குத் தெரியும். ஆனாலும் கார்டைத் தேய்க்கும்போது கையிலிருந்து எதுவும் போவதில்லை என்பதால், மனது அதைச் செலவாகவே எண்ணுவதில்லை. கீழே உள்ள வேலைகள் எல்லாம் அந்த ஓட்டையை அடைக்கத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம்.

1. கடைசி பில்லைத் திறந்து வையுங்கள்

அதில் மூன்றைத் தேடுங்கள்: கட்ட வேண்டிய மொத்தத் தொகை, மினிமம் ட்யூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை), கடைசித் தேதி. புதிதாகக் கார்டு வாங்கியவர்கள் சறுக்குவது மினிமம் ட்யூவில்தான். 20,000 ரூபாய் பில்லுக்கு 1,000 கட்டினால் போதும் என்று இருக்கும். கட்டினால் தாமதக் கட்டணம் வராது, உண்மைதான். ஆனால் வட்டி ஓடும்.

மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 20,000க்கு வட்டி 700. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. ஆக 826 ரூபாய். நீங்கள் கட்டிய ஆயிரத்தில் அசலுக்குப் போனது வெறும் 174! இதுவும் தோராயக் கணக்குதான். வட்டி கடைசித் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்காகும். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது.

2. ஆட்டோ பேயில் (பில் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் வசதி) எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 'ஆட்டோ பே போட்டாச்சு, கவலையில்லை' என்று நான்கு மாதம் பில்லையே திறக்கவில்லை. திறந்தபோது அதில் மினிமம் ட்யூ தேர்வாகியிருந்தது. வட்டி ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஆப்பில் போய் 'டோட்டல் அமவுண்ட் ட்யூ' என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு இன்னொரு முறை திறந்து சரிபாருங்கள்.

3. உங்கள் லிமிட்டை நீங்களே வையுங்கள்

கார்டு ஆப்பில் ஆன்லைன், கடை, வெளிநாடு, டேப் செய்து கட்டுவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரம்பு வைக்கலாம், வேண்டாததை அணைத்தும் வைக்கலாம். மாதம் 8,000 ரூபாய்தான் கார்டில் செலவழிக்கலாம் என்றால், ஒரே தடவையில் 40,000 தேய்க்க வழி எதற்கு? அப்படியே ஷாப்பிங், உணவு ஆப்களில் சேமித்து வைத்த கார்டையும் நீக்கிவிடுங்கள். கார்டை எடுத்து எண்ணைத் தட்டச்சு செய்யும் அந்த ஒரு நிமிடத்தில் பல ஆசைகள் அடங்கிவிடும்.

4. தேய்த்த அன்றே பணத்தை ஒதுக்குங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். சும்மா கிடக்கும் ஒரு சேமிப்புக் கணக்கைக் கார்டுக்கென்றே ஒதுக்குங்கள். மளிகைக்கு 1,340 ரூபாய் தேய்த்தீர்களா? கடை வாசலிலேயே நின்று, சம்பளக் கணக்கிலிருந்து அதே 1,340ஐ யுபிஐயில் அந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். அனுப்பப் பணம் இல்லையென்றால், அந்தப் பொருளை வாங்கவும் பணம் இல்லை என்றுதான் அர்த்தம். பில் வரும் நாளில் முழுத் தொகையும் அங்கே தயாராக இருக்கும். ஆட்டோ பே வேறு கணக்கிலிருந்து எடுப்பதாக இருந்தால், முந்தின நாளே பணத்தை அங்கே மாற்றிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் சலிப்பாக இருக்கும். அப்புறம் கை தானாகச் செய்யும்.

5. பில் தேதி சம்பளத்தோடு ஒத்துப்போகிறதா?

1ஆம் தேதி சம்பளம் வந்து, 27ஆம் தேதி பில் கட்ட வேண்டியிருந்தால் மாதக் கடைசியில் திண்டாட்டம்தான். பில் சுழற்சியை (மாதாமாதம் பில் போடப்படும் தேதியை) ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வங்கி வாய்ப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டு வாங்குங்கள்.

6. இரண்டு விஷயங்களைத் தொடாதீர்கள்

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணம் வேறு. இன்னொன்று, வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படும் 'நோ காஸ்ட் இஎம்ஐ'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பரிசீலனைக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் பில்லில் வந்து நிற்கும்.

7. ஏற்கெனவே பாக்கி சேர்ந்துவிட்டதா?

முதலில் அந்தக் கார்டில் புதிய செலவை நிறுத்துங்கள். பிறகு பாக்கியை இஎம்ஐயாக மாற்றினால் என்ன வட்டி என்று வங்கியில் கேளுங்கள். பர்சனல் லோன், வங்கி நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டு, குறைவானதில் வாங்கிக் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். நகையை வைக்கிறோமே என்று தயங்குபவர்கள் உண்டு. தவணை தவறினால் நகை போய்விடும் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் கார்டு வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. வங்கி நகைக்கடன் வட்டி அதைவிட மிகக் குறைவு. மாதாமாதம் திருப்பிக் கட்ட முடியும் என்றால் நகைக்கடனே மேல் என்பேன்.

அடைத்த பிறகு தேவையில்லாத கார்டை மூட எழுதிக் கொடுங்கள். பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 வேலை நாளுக்குள் வங்கி அதை மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். எழுதிக் கொடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.