அமெரிக்காவில் துப்பாக்கி: விசாவில் இருப்போருக்கான சட்டமும் தற்கொலையைத் தடுக்கும் வழிகளும்

அமெரிக்காவில் குடியுரிமை இல்லாத ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பது, அவர் எந்த நிலையில் அங்கே தங்கியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) உள்ளவர்கள், நாடு முழுமைக்குமான கூட்டாட்சிச் சட்டப்படி குடிமக்களைப் போலவே வாங்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்களும், உரிய ஆவணமின்றித் தங்கியிருப்பவர்களும் துப்பாக்கியை மட்டுமல்ல, ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. தற்காலிக விசாவில் இருப்போருக்குச் சில விலக்குகள் உண்டு. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் அவற்றில் ஒன்று. எந்த விலக்கும் இல்லாதவர், நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் குற்றமே. இதற்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்கலாம், நாடுகடத்தலும் நேரலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டும் காப்பாற்றாது.

உரிமம் பெற்ற கடையில் வாங்குவோர் 4473 எண் படிவத்தில் குடியுரிமை, விசா பற்றிய கேள்விகளுக்கு உண்மையான விடையையே எழுத வேண்டும். வாங்கத் தகுதியற்ற ஒருவருக்காகத் தன் பெயரில் வாங்கித் தருவது 2022 முதல் தனிக் குற்றமாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமையாக இருக்கலாம் என்பதால், ஐயமிருந்தால் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கணவர் கிரீன் கார்டிலும், ஊரிலிருந்து வந்த பெற்றோர் பி-2 விசாவிலும் ஒரே வீட்டில் இருப்பது நம்மவர்களிடையே வழக்கம். அத்தகைய வீட்டில் துப்பாக்கிப் பெட்டியின் சாவி எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்தால், பெற்றோரும் அதை வைத்திருப்பவர்களாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. சாவியோ எண்ணோ உரிமையாளர் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். பிள்ளையின் பிறந்த தேதியை எண்பூட்டுக்கு வைத்தால், அந்தப் பிள்ளையே முதலில் திறந்துவிடும்.

அதே பூட்டுத்தான் உயிரையும் காக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கிறது. துப்பாக்கி எட்டாதபடி அந்த நேரம் கடந்துவிட்டால், மீண்டு வருவதற்கு வழி பிறக்கிறது. ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. எனவே துப்பாக்கியைக் குண்டு நிரப்பாமல் பூட்டி, தோட்டாக்களை வேறோர் இடத்தில் தனியே பூட்டி வையுங்கள்.

வேலையிழப்பு, விசா நிராகரிப்பு, மணமுறிவு போன்ற நெருக்கடியில் உரிமையாளரே துவண்டிருந்தால், பூட்டு மட்டும் போதாது; துப்பாக்கி சில காலம் வீட்டை விட்டே வெளியேற வேண்டும். இங்கேதான் நல்ல மனதோடு பலர் சட்டத்தில் சிக்கிக்கொள்ள நேரும்: "என்னிடம் கொடு, நான் வைத்திருக்கிறேன்" என்று எச்-1பி நண்பர் வாங்கிக்கொண்டால், விலக்கு ஏதும் இல்லாவிட்டால் அவர் செய்வது குற்றம். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள, வேறு தடையில்லாத நண்பரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் சில மாநிலங்களில் அதற்கும் பின்னணிச் சோதனை தேவைப்படும். சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைப்பதுண்டு. காவல் நிலையத்துக்குத் துப்பாக்கியோடு நேரே போகாமல், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். உரிமையாளர் துப்பாக்கியைத் தர மறுத்து ஆபத்து நெருங்கினால், இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நீதிமன்றம் தற்காலிகமாக அதை அகற்ற உத்தரவிட முடியும்.

துவண்டிருப்பவரிடம் சுற்றி வளைக்காமல், "செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு அது பாரத்தை இறக்கி வைக்கும் வாய்ப்பாக அமைகிறது. பதில் சொல்லும்போது அறிவுரை கூறாமல், குறுக்கிடாமல் கேளுங்கள். தானாக முன்வந்து மனநல மருத்துவமனையில் சேர்வதால் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி உரிமை பறிபோகாது என்பதையும், அந்த அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவருக்குச் சொல்லுங்கள். இதிலும் சில மாநிலங்களின் விதி கடுமையானது.

988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது; அழைத்துப் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, வீட்டில் துப்பாக்கி இருப்பதையும் அது எங்கே இருக்கிறது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே தெரிவித்து, மனநல நெருக்கடியைக் கையாளப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பும்படி கேளுங்கள்.