கடல் எட்டாத ஊரில் திமிங்கல எலும்பு: ஆராயத் தொடங்குவது எப்படி?

கிணறு வெட்டும்போதோ சாலைக்காக மேட்டை அறுக்கும்போதோ பாறைக்குள்ளிருந்து பெரிய எலும்பொன்று தலைகாட்டினால், முதலில் செய்ய வேண்டியது அதைத் தொடாமல் நிற்பதுதான். 1849ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், சார்லட் என்னும் சிற்றூருக்கருகே ரயில் பாதைக்காகக் களிமண்ணைத் தோண்டிய தொழிலாளர்கள், என்ன விலங்கென்று அறியாமலேயே மண்டையோட்டின் ஒரு பகுதியை உடைத்துவிட்டார்கள். கடலிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் உள்ளே கிடந்த அது ஒரு வெண்திமிங்கலம் என்பதை, எஞ்சிய எலும்புகளை வைத்துத்தான் சடோக் தாம்சன் என்னும் இயற்கை ஆய்வாளர் கண்டறிய வேண்டியிருந்தது.

ஆகவே எலும்பைப் பெயர்க்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுங்கள். ஜி.பி.எஸ். கருவியால் இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, தலை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, முதுகு மேலே இருக்கிறதா வயிறு மேலே இருக்கிறதா, எலும்பு எந்த மண்ணடுக்கில் கிடக்கிறது என்பவற்றையும் எழுதிவையுங்கள். வயிறு எங்கே இருந்தால் என்ன என்று தோன்றலாம். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணியின்போது நாற்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை மல்லாந்து கிடந்ததையும், நான்கு வெவ்வேறு அடுக்குகளில் அவை இருந்ததையும் கொண்டே, நச்சுப் பாசி பெருகியதால் கடலிலேயே அவை கூட்டங்கூட்டமாக இறந்து பலமுறை கரையொதுங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். சாலைப் பணி காத்திருக்காது என்பதால், எலும்புகளைக் கிடந்த கிடையிலேயே முப்பரிமாண ஸ்கேன் செய்துகொண்டார்கள்.

அடுத்து, அது திமிங்கலந்தானா என்று பார்க்க வேண்டும். இதில் பெரிய அறிஞர்களே சறுக்கியிருக்கிறார்கள். 1834இல் ரிச்சர்ட் ஹார்லன் ஒரு தொல்திமிங்கலத்தைக் கடல்வாழ் ஊர்வன என்று கருதி, 'பல்லிகளின் அரசன்' என்னும் பொருளில் 'பேசிலோசாரஸ்' என்று பெயரிட்டார். கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு வேர்கள் இருப்பதைக் கண்ட ரிச்சர்ட் ஓவன், ஊர்வனவற்றுக்கு அப்படி இருப்பதில்லை என்று காட்டி, அது பாலூட்டி என்று நிறுவினார். ஆனாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. பல் கிடைக்காவிட்டால் காதெலும்பைத் தேடுங்கள், அதைவிட நம்பகமான சான்று வேறில்லை என்பேன். பார்ப்பதற்குச் சோழியைப் போல ஒருபுறம் சுருண்டும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனத்தும் இருக்கும் அந்த எலும்பின் உள்விளிம்பு தடித்திருப்பது திமிங்கலக் குடும்பத்தின் முத்திரை. ஜம்மு-காஷ்மீரின் காலாகோட்டில் நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் திரட்டிய பாறைகள் அவருடைய மறைவுக்குப் பின் தொல்லுயிரியலாளர் ஹான்ஸ் தேவிசனின் ஆய்வகத்துக்குச் சென்றன. அங்கே இந்தோஹையஸ் என்னும் தொல்விலங்கின் மண்டையோடொன்றைச் சுத்தம் செய்த உதவியாளர் தவறுதலாகக் காதுப்பகுதியை உடைத்துவிட, உள்ளே தடித்த விளிம்பு தெரிந்தது. குளம்புள்ள சிறு விலங்கான இந்தோஹையஸ் திமிங்கலங்களுக்கு நெருங்கிய உறவு என்று 2007இல் அறிவிக்கப்பட்டதற்கு அதுவே முக்கியச் சான்று.

இனி, எலும்பைச் சுற்றியுள்ள பாறையைப் படிக்க வேண்டும். திமிங்கலம் கிடைத்துவிட்டது, எனவே இங்கே கடல் இருந்தது என்று ஒரே தாவலில் முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. கெய்ரோவுக்குத் தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாடி அல் ஹிடானில், திமிங்கல எலும்புக்கூடுகளோடு சிப்பிகளும் சுறாப் பற்களும் கிடைப்பதோடு, அலையாத்தி மரங்களின் கல்லாகிப்போன வேர்களும் இருப்பதால், அது ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலோரமாக இருந்தது என்று துணிந்து சொல்லலாம். சார்லட்டின் கதை வேறு: பனியுகத்துப் பனிப்பாளத்தின் பாரத்தால் நிலம் தாழ்ந்திருந்தது, பனி விலகியதும் கடல்நீர் உள்ளே புகுந்தது, பாரம் நீங்கிய நிலம் மெல்ல உயர்ந்தபோது கடல் வடிந்து களிமண் மிஞ்சியது.

இரண்டுக்கும் மாறானது கென்யாவின் துர்க்கானா பகுதியில் 1964இல் கிடைத்த, 1.7 கோடி ஆண்டுப் பழமையுள்ள அலகுத் திமிங்கலம். இன்றைய கடற்கரையிலிருந்து சுமார் 740 கிலோமீட்டர் உள்ளே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 620 மீட்டர் உயரத்தில் கிடந்தாலும், அதைச் சூழ்ந்திருந்தது ஆற்றுப் படிவு. திசைதவறி ஆற்றுக்குள் ஏறி வந்த திமிங்கலம் அது. அவ்வளவு தூரம் அது நீந்தி வர வேண்டுமானால் ஆற்றின் சரிவு மிகக் குறைவாக, நிலம் கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் எழத் தொடங்கிய காலத்தைக் கணிக்க இந்த ஒரு விலங்கு உதவியது.

வயதைக் கணிக்கும்போது கார்பன் முறையை எல்லாவற்றுக்கும் நாட வேண்டாம். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அது பயன்படாது. பழைய பாறைகளுக்கு, எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் கதிரியக்க அளவீடும், நாணயம் போன்ற நம்முலைட் (ஒற்றைச் செல் கடலுயிரி) ஓடுகள் முதலிய காலங்காட்டும் உயிரெச்சங்களுமே துணை.

எலும்பை எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. இந்தியாவில் என்றால் அருகிலுள்ள பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ தெரிவியுங்கள். அவர்கள் செய்வது ஏறக்குறைய முறிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போடுவதுதான்: விரிசல்களில் நீர்த்த அக்ரிலிக் பசையை ஊறவிட்டு, சுற்றிலும் மண்ணை வெட்டி எலும்பைத் திட்டுபோல நிற்கவைத்து, சாந்து ஒட்டாதிருக்க ஈரக் காகிதத்தைப் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துண்டுகளைச் சுற்றி இறுகவிடுவார்கள், காய்ந்தபின் அடியில் அறுத்துப் புரட்டி, மறுபுறமும் கட்டுவார்கள்.

ஆய்வகத்தில் அவசரப்படாமல் மண்ணை நீக்குவதே பெரும்பகுதி உழைப்பு. பல் எனாமலிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடையில் வேறுபட்ட ஆக்சிஜன் அணு வகைகள்), விலங்கு நன்னீரில் வாழ்ந்ததா கடல்நீரில் வாழ்ந்ததா என்பதைக் காட்டும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள மண்ணைத் தனியே சலித்துப் பாருங்கள், இரைப்பையில் இருந்தவை அங்கே தங்கியிருக்கலாம். வாடி அல் ஹிடானின் ஒரு பேசிலோசாரஸ், மீன்களையும் இளம் டொருடான் திமிங்கலங்களையும் தின்றிருந்தது அப்படித்தான் தெரியவந்தது. சிறு எலும்புகளை ஒதுக்கிவிடாதீர்கள்: 15 மீட்டருக்கும் நீண்ட அந்த விலங்குக்கு, முழங்காலும் விரல்களும் கொண்ட, ஒரு முழத்துக்கும் குறைவான பின்னங்கால்கள் இருந்ததை 1990இல் உலகறியச் செய்தவை அத்தகைய துண்டுகளே.

ஒவ்வொரு துண்டின்மீதும் அழியாத மையால் எண்ணிட்டு, அதே எண்ணைப் பதிவேட்டிலும், பெட்டியின் மேலும் உள்ளும் எழுதி, யாருக்குக் கடன் கொடுத்தாலும் தேதியோடு குறித்துவையுங்கள். மேலே சொன்ன துர்க்கானாத் திமிங்கலம், ஆய்வுக்காக அமெரிக்கா சென்றபின் இருக்குமிடம் தெரியாமல் போய், பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2011இல்தான் ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சேகரிப்பில் கண்டெடுக்கப்பட்டது. அதைக் கொண்டு அந்நிலத்தின் பழைய உயரத்தைக் கணித்த ஆய்வு வெளியானது 2015இல்.