அமரோனே வைனுக்கு எந்த உணவு பொருந்தும்?

இத்தாலியின் வெரோனா நகரை ஒட்டிய வால்போலிசெல்லாவில் உருவாகும் அமரோனே, சிவப்பு வைன்களில் மிக வலுவானவற்றுள் ஒன்று. கொர்வினா முதலான திராட்சைகளை அறுவடைக்குப் பின் காற்றோட்டமான இடத்தில் 3 மாதம் போல உலரவிட்டே பிழிகிறார்கள். நீர் வற்றிச் செறிந்த சர்க்கரை புளித்து ஆல்கஹாலாகிறது. அளவு 15, 16 சதவீதம்கூடப் போகும். நாவில் உலர்ந்த செர்ரி, அத்திப்பழம், கொக்கோ. முடிவில் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்புதான் இதன் அழகு.

இதற்கு ஈடுகொடுக்க உணவிலும் கனம் வேண்டும். வைனிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சி, காட்டுப்பன்றி, மான் கறி எல்லாம் அருமையாகச் சேரும். இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணித்துவிடும். சமைக்க நேரமில்லையா? 24 மாதமாவது முதிர்ந்த பார்மிஜானோ சீஸைக் கட்டிகளாக உடைத்து வையுங்கள், அதுவே போதும். வெரோனாவில் இந்த வைனை ஊற்றி ரிசொட்டோ என்னும் குழைவான அரிசி உணவும் செய்வார்கள்.

காரமான குழம்பு வேண்டவே வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். மென்மையான மீனின் சுவையோ இதில் காணாமல் போய்விடும்.

பரிமாற 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். 1 மணி நேரம் முன்பே அகன்ற குடுவையில் ஊற்றி வைத்துவிடுங்கள்.